கடைசி அரை மாத்திரை

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எடுத்துவந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் பலருக்கு ஒரு விசித்திரமான தொந்தரவு ஆரம்பிக்கும். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் மண்டைக்குள் சுருக்கென்று ஷாக் அடிக்கும். நடக்கும்போது தரை லேசாக நகரும். ராத்திரி முழுக்க விடாத கனவு. காரணமே இல்லாமல் அழுகை, சள்ளென்று விழும் எரிச்சல், குமட்டல், வியர்வை.

சேலம் பக்கத்தில் இதற்கு விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. பித்தம் என்பார்கள், பிபி என்பார்கள், கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்பார்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தவர் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் மேல் பழி போட்டுவிடலாம். ஒருவர் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கிறார், இன்னொருவர் தலைக்கு ஸ்கேன் எடுத்து 'நார்மல்' என்ற காகிதத்தோடு வீடு திரும்புகிறார். போன வாரம் எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்ற கேள்வி மட்டும் எங்கும் எழுவதில்லை.

அந்தக் கேள்வி எழாததால் ஸ்கேன் செலவு வீணாவது சின்ன விஷயம். 'நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரைதான்' என்று நோயாளியும் வீட்டாரும் முடிவுகட்டிவிடுவதுதான் பெரிய சேதம். திரும்பியது நோயா, அல்லது மருந்து விலகும்போது உடல் காட்டும் எதிர்வினையா? இதைப் பிரித்தறிய, அந்த மாத்திரை மூளைக்குள் எதைத் தொடுகிறது, அதற்கு மூளை எப்படித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பது தெரிய வேண்டும்.

மாத்திரை தொடும் இடம்

ஒரு நரம்பு செல், செய்தி சுமக்கும் ரசாயனமான செரோடோனினை வெளியே விடுகிறது. அது சின்ன இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லின் ஏற்பிகளில், அதாவது செய்தியை வாங்கும் புரதங்களில், போய் ஒட்டிச் செய்தி சொல்கிறது. வேலை முடிந்ததும், விட்ட செல்லே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் வேலையைச் செய்யும் புரதத்துக்குக் கடத்தி என்று பெயர். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செடின், பராக்செடின், ஃப்ளூவாக்ஸமின் ஆகியவை அடைப்பது இந்தக் கடத்தியைத்தான். வென்லஃபாக்சினும் டுலோக்செடினும் இதோடு இன்னொரு செய்தி ரசாயனமான நார்அட்ரினலினின் கடத்தியையும் அடைக்கும். மிர்டசாபின் ஆள் வேறு: கடத்தியைத் தொடாமல் சில ஏற்பிகளை நேரடியாக மறிக்கும். வோர்டியோக்செடின் கடத்தியை அடைப்பதோடு பல ஏற்பிகளிலும் கைவைக்கும்.

ஆக, புழக்கத்தில் உள்ள பெரும்பாலான மாத்திரைகள் செரோடோனின் ஏற்பிகளை நேராகத் தொடுவதில்லை. கடத்தி அடைபட்டதால் செரோடோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது. ஏற்பிகளின் மாற்றங்கள் அதற்குப் பதிலாக உடல் செய்துகொள்பவை.

செரோடோனின் ஏற்பிகளில் ஏழு குடும்பங்கள், மொத்தம் 14 வகைகள். அவற்றின் பெயரில் வரும் 5-எச்டி, செரோடோனினின் வேதிப்பெயர்ச் சுருக்கம். 5-எச்டி3 மட்டும் அயனிகளுக்குத் திறக்கும் வாசல். மற்றவை எல்லாம் செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதம் வழியாகச் செல்லின் உள்ளே மெதுவான மாற்றங்களைக் கிளப்பிவிடுபவை. உடம்பில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. மாத்திரை தொடங்கிய முதல் வாரம் குமட்டலும் வயிற்றோட்டமும் வருவது அதனால்தான். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மறிப்பது இதே 5-எச்டி3 ஏற்பியை. மிர்டசாபினும் அந்த ஏற்பியை மறிப்பதால் அதில் குமட்டல் குறைவு.

ரத்தத் தட்டணுக்களும் இந்தக் கடத்தி மூலமாகவே செரோடோனினைச் சேர்த்துவைக்கின்றன. கடத்தி அடைபட்டால் அவற்றின் இருப்பு குறையும், ரத்தம் உறைவது சற்றுத் தளரும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இதயத்துக்கு எடுக்கும் ஆஸ்பிரின் இவற்றோடு சேரும்போது இரைப்பையில் ரத்தக் கசிவு அபாயம் கூடுகிறது. மலம் கறுப்பாகப் போனால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் மூன்று வாரம்

கடத்தி அடைபடுவது முதல் நாளே நடந்துவிடுகிறது. ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகிறது. தாமதத்துக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் 5-எச்டி1ஏ என்ற ஏற்பி. செரோடோனின் செல்களின் தலைமையகம் மூளைத் தண்டில், ராஃபே என்ற இடத்தில் இருக்கிறது. அந்தச் செல்களின் உடலிலேயே 5-எச்டி1ஏ ஏற்பிகள் உண்டு; சுற்றிலும் செரோடோனின் கூடினால் 'போதும், குறைத்துக்கொள்' என்று தம் செல்லுக்கே உத்தரவு போடுபவை. முதல் நாள்களில் மாத்திரை செரோடோனினை ஏற்ற, இந்த ஏற்பிகள் செல்லின் துடிப்பைக் குறைக்கின்றன. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூண்டப்பட்ட பிறகு அவை மந்தமாகின்றன. செல்கள் மறுபடி பழைய வேகத்தில் துடிக்கின்றன, கடத்தியும் அடைபட்டிருக்கிறது. அப்போதுதான் இணைப்புகளில் செரோடோனின் நிலையாக உயர்கிறது. நரம்பு முனையில் உள்ள 5-எச்டி1பி ஏற்பிக்கும் இதே கதை.

இந்த இடைக்காலத்தில்தான் சிலருக்குப் பதற்றம் கூடும், கால் நிலைகொள்ளாது, தூக்கம் கலையும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறார்களுக்கு விதித்து, 2007இல் 24 வயது வரை நீட்டியது. முதல் மாதம் வீட்டில் யாராவது ஒருவர் கண்காணிப்பது நல்லது. மாத்திரை அட்டைகளைப் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்வதும் நல்லது.

'மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது' என்று சொல்வது மருத்துவருக்கும் வசதி, நோயாளிக்கும் ஆறுதல். ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரோடோனின் குறைவாக இருப்பதற்குச் சீரான சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. மாத்திரை வேலை செய்யாது என்று அதற்குப் பொருளில்லை. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அதற்குச் சராசரியாகச் சிறிய, ஆனால் உண்மையான கூடுதல் பலன் உண்டு. குறையை நிரப்புவது மட்டும்தான் வேலை என்றால், நிறுத்தியதும் ஆள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். நடப்பது வேறு. பழைய நோயில் இல்லாத புது அறிகுறிகள் வருகின்றன. மூளை மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டதன் அடையாளம் அது.

மருந்து நாள்களில் போகும், மாற்றம் வாரங்களில்

மாதக்கணக்கில் செரோடோனின் உயர்ந்தே இருந்தால் 5-எச்டி1ஏ மந்தமாகிறது, 5-எச்டி2ஏ போன்றவற்றின் எண்ணிக்கையும் உணர்திறனும் மாறுகின்றன. எலிகளில் கடத்தியே எண்ணிக்கையில் குறைவதும் பதிவாகியிருக்கிறது. இப்போது மாத்திரையை நிறுத்துகிறோம். கடத்தி சில நாளில் விடுபட்டு முழு வேகத்தில் உறிஞ்சத் தொடங்குகிறது, செரோடோனின் சரிகிறது. ஏற்பிகளோ இன்னும் உயர்ந்த அளவுக்கே பழகிய நிலையில் இருக்கின்றன. இந்த இடைப்பட்ட காலம்தான் தொந்தரவுக் காலம்.

அந்தக் காலம் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கும் என்பதை மருந்தின் அரை ஆயுள் தீர்மானிக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அது. ஐந்து அரை ஆயுள் கழிந்தால் ஏறக்குறைய 97 சதவீதம் போய்விடும். வென்லஃபாக்சினுக்கு 5 மணி நேரம், உடல் அதைச் சிதைக்கும்போது உருவாகும் செயல்படும் வழிப்பொருளுக்கு 11 மணி நேரம். ஒரு வேளை மறந்தாலே மறுநாள் மத்தியானம் தெரிந்துவிடும். டுலோக்செடினுக்கு 12, பராக்செடினுக்கு 21, செர்ட்ராலினுக்கு 26, எஸ்சிட்டலோபிராமுக்கு 30 மணி நேரம் வாக்கில். ஃப்ளூவாக்செடின் மட்டும் விதிவிலக்கு: அதன் வழிப்பொருளின் அரை ஆயுள் ஒன்று முதல் இரண்டு வாரம். நிறுத்திய பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் தானாகவே மெல்ல மெல்ல இறங்கும். அதனால் தொந்தரவு குறைவு. வந்தாலும் ஐந்தாறு வாரம் கழித்து வருவதால் மாத்திரையோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை.

பராக்செடினில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையே அது முடக்கி வைத்திருக்கும்; அளவைக் குறைத்ததும் நொதி விடுபடுவதால், நாம் குறைத்த விகிதத்தைவிட வேகமாக ரத்த அளவு விழும். அசிட்டில்கோலின் என்ற வேறொரு செய்தி ரசாயனத்தின் ஏற்பிகளையும் அது சற்று மறிப்பதால், நிறுத்தும்போது அந்தப் பக்கமும் எகிறிக் குமட்டலும் வியர்வையும் கூடுதலாக வரும். பழைய வகை மருந்தான இமிப்ரமினுக்கும் அமிட்ரிப்டிலினுக்கும் இதே குணம் உண்டு. இமிப்ரமினை நிறுத்தினால் தொந்தரவு வருகிறது என்று 1959லேயே எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் 'லேசாக இருக்கும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்' என்ற வரி பாடப்புத்தகங்களில் பல பத்தாண்டு நின்றது. பிரிட்டனின் மனநல மருத்துவர் கல்லூரி 2019இல்தான், சிலருக்கு இது கடுமையாகவும் நெடுநாளும் இருக்கலாம் என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

எத்தனை பேருக்கு வரும் என்பதில் சண்டை ஓய்ந்தபாடில்லை. 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு பாதிக்கு மேல் என்றது. 2024இல் வந்த இன்னொன்று, மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் என்றும், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே 17 சதவீதத்துக்கு ஏதோ ஒரு தொந்தரவு வந்தது என்றும், கடுமையாக வந்தது 100 பேரில் கிட்டத்தட்ட மூன்று பேருக்கு என்றும் கணக்குச் சொன்னது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் பங்கேற்றவர்கள் சில வாரமோ சில மாதமோ மருந்து எடுத்தவர்கள். ஐந்தாறு வருஷமாக எடுப்பவருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

நோய் திரும்பியதா, மருந்து விலகியதா

பெரும்பாலும் நாள் கணக்கே சொல்லிவிடும். விலகல் அறிகுறி நிறுத்திய சில நாளில் ஆரம்பிக்கும். மனச்சோர்வு திரும்புவதென்றால் வாரங்களோ மாதங்களோ எடுத்து மெதுவாக ஊறும். மண்டைக்குள் ஷாக், தரை நகர்வது, ஜுரம் வருவது மாதிரியான உடம்பு அசதி ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள் இல்லை. இவை இருந்தால் மருந்து விலகல் பக்கம் சாயலாம். பழைய அளவை மறுபடி தொடங்கினால் விலகல் தொந்தரவு பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். நோயாக இருந்தால் அடங்க வாரங்கள் ஆகும். அழுகையும் பதற்றமும் தூக்கமின்மையும் இரண்டிலும் பொது என்பதால், அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு நோட்டில் தேதி, எடுத்த மி.கி., அன்றைய அறிகுறி என்று மூன்று பத்தி எழுதி வந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

நோய் உண்மையிலேயே திரும்புவதும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நீண்ட காலம் மாத்திரை எடுத்து, நிறுத்தலாம் என்று நினைக்கும் அளவுக்குத் தேறியிருந்தவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்துக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதத்துக்கும் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் அந்த வருஷத்தைத் தாண்டினார்கள் என்றும் அதைப் படிக்கலாம். முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால் முழுக்கக் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். பல தடவை வந்தவருக்கு இரண்டு வருஷமோ அதற்கு மேலோ. இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் தற்கொலை எண்ணம் இருந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எதையும் குறைக்க வேண்டாம், முதலில் மருத்துவர்.

மலை உச்சி தட்டை, விளிம்பு செங்குத்து

மாத்திரையைக் குறைக்கும் விதத்தில்தான் நம்மூரில் அதிகத் தவறு நடக்கிறது. வழக்கமான சீட்டு: முழு மாத்திரை இரண்டு வாரம், அரை மாத்திரை இரண்டு வாரம், பிறகு நிறுத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவும் விளைவும் ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. இதே வகை மருந்தான சிட்டலோபிராம் எடுத்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, எத்தனை மி.கி.க்குக் கடத்திகளில் எத்தனை சதவீதம் அடைபடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அதிலிருந்து வரைந்த கோட்டின்படி 60 மி.கி.யில் சுமார் 88 சதவீதம், 40 மி.கி.யில் 86, 20 மி.கி.யில் 80, 9 மி.கி.யில் 70, 5.4 மி.கி.யில் 60, 3.4 மி.கி.யில் 50, 2.3 மி.கி.யில் 40, 1.5 மி.கி.யில் 30, 0.8 மி.கி.யில்கூட 20 சதவீதம் அடைபடுகிறது.

சேர்வராயன் மலையின் அமைப்பும் இதுதான். நாகலூரிலிருந்து ஏற்காடு ஊருக்கு வரும்வரை மேட்டு நிலம், பெரிய இறக்கம் தெரியாது. விளிம்பை அடைந்ததும் அடிவாரம் வரை ஒரே சரிவு. 60 மி.கி.யிலிருந்து 20க்கு வருவது மேட்டு நிலத்தில் நடப்பது: 40 மி.கி. குறைத்தும் அடைப்பு 8 சதவீதம்தான் இறங்கியது. கடைசி 5 மி.கி.யை ஒரே நாளில் விடுவது, 60 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு விழுவது. 'அரை மாத்திரை வரை ஒன்றும் இல்லை, அதை விட்டதும்தான் ஆட்டம்' என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுவே. லண்டனில் பணியாற்றிய ஆய்வாளர்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் இந்தக் கணக்கை முன்வைத்தார்கள். குறைந்த அளவுக்குப் போகப் போகக் குறைக்கும் அளவும் சிறிதாக வேண்டும் என்ற யோசனை, பிறகு பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல்களிலும் இடம்பிடித்தது.

நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் எஸ்சிட்டலோபிராம், சிட்டலோபிராமின் செயல்படும் பாதி. தோராயமாக 10 மி.கி. அதன் 20க்குச் சமம். ஆகவே 10 மி.கி. எடுப்பவருக்கு 5 மி.கி. என்றால் அடைப்பு 70 சதவீதம் வாக்கில், 2.5 என்றால் 60க்குச் சற்றுக் கீழே, 1.25 என்றால் 40ஐ ஒட்டி, 0.6 என்றால் 25ஐ ஒட்டி. 5 மி.கி. மாத்திரையை வாங்கி, மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் டப்பாவில் நான்காக வெட்டினால் 1.25 கிடைக்கும். அரிவாள்மனையில் வெட்டினால் பொடியாகிப் பாதி தரையில் போகும். ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நின்று, தொந்தரவு அடங்கிய பிறகே அடுத்த படி. தாங்க முடியாமல் போனால் முந்தைய படிக்கு ஏறி, அங்கே நிலைத்த பிறகு இன்னும் சின்னதாகக் குறைப்பது. சில மாதமே எடுத்தவர் ஓரிரு மாதத்தில் முடிக்கலாம். வருஷக்கணக்கில் எடுத்தவருக்கு ஒரு வருஷம் ஆனாலும் அது தோல்வி இல்லை. படிகளை எழுதிக் கொடுக்க வேண்டியவர் மருந்து எழுதிய மருத்துவர், 5 மி.கி. அட்டைக்குப் புதுச் சீட்டும் அவரிடம்தான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் வெட்டலாம் என்று இல்லை. மெதுவாகக் கரையும் வகை பராக்செடினை வெட்டினால் ஒரே நேரத்தில் மொத்த மருந்தும் இறங்கிவிடும். டுலோக்செடின் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளுக்கு அமிலம் தாங்கும் பூச்சு உண்டு. நசுக்கினால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். வென்லஃபாக்சின் கேப்சூல்களில் சிலவற்றில் உருண்டைகள், சிலவற்றில் குட்டி மாத்திரைகள். பிரித்து எண்ணிக் குறைக்க முடியுமா என்பது பிராண்டைப் பொறுத்தது, மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள்' என்ற அறிவுரை ஃப்ளூவாக்செடினுக்கு மட்டும் சரி. அரை ஆயுள் 30 மணி நேரம் உள்ள மருந்தை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்தால், அடுத்த வேளைக்குள் ரத்த அளவு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்திருக்கும். குறைந்த அளவைத் தினமும் எடுப்பதே மேல். வென்லஃபாக்சினையோ பராக்செடினையோ ஒரு நாள் விட்டு எடுப்பவர், வாரத்துக்கு மூன்று தடவை திடீர் நிறுத்தத்தை அனுபவிக்கிறார்.

அட்டையின் பின்பக்கம்

நம் நாட்டுக்கே உரிய ஒரு பொறி கூட்டு மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி.யோடு குளோனசெபாம் 0.5 மி.கி. ஒரே மாத்திரையில் வரும். பலர் அதை வருஷக்கணக்கில் 'நரம்பு மாத்திரை' என்று விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதை நிறுத்தினால் ஒரே நாளில் இரண்டு மருந்து நிற்கிறது. நெடுநாள் எடுத்த குளோனசெபாம் திடீரென நின்றால் வலிப்பு வரலாம். இது செரோடோனின் விவகாரத்தைவிட ஆபத்தானது. அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். இரண்டு பெயர் இருந்தால், முதலில் அவற்றைத் தனித்தனி மாத்திரையாக மாற்றிக்கொண்டு, மருத்துவர் சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதத்தில் குறைத்தால் எந்தத் தொந்தரவு எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

மனநல மருத்துவர் வாசலையே மிதிக்காதவர்களும் இந்த மருந்துகளை எடுக்கிறார்கள். சர்க்கரை நோயால் கால் எரிச்சல் என்று டுலோக்செடின், ஒற்றைத் தலைவலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி., விந்து முந்துதலுக்குப் பராக்செடின். வலி குறைந்ததும் சட்டென நிறுத்துவது இவர்கள்தான். வலிக்குத் தரும் டிரமடாலும் செரோடோனின் உறிஞ்சலைத் தடுக்கும். ஏற்கெனவே இந்த வகை மாத்திரை எடுப்பவருக்கு அதையும் சேர்த்தால் செரோடோனின் அளவு மீறலாம்: கை கால் உதறல், கடும் வியர்வை, காய்ச்சல், வயிற்றோட்டம், குழப்பம். இவை மணிக்கணக்கில் முற்றும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நாளில் அட்டையில் கடைசி இரண்டு மாத்திரை என்றால், வென்லஃபாக்சின் எடுப்பவருக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிடும். ஐப்பசி பிறக்கும் முன்பே இரண்டு வார இருப்பு கையில் இருக்கட்டும். குப்பனூர் வழி சுற்றிப் போய் வாங்கலாம் என்றாலும், தலை சுற்றிக்கொண்டிருக்கும்போது யார் போவது?

வண்டி ஓட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஷாக் வருவதாகப் பலர் சொல்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் ஓயாமல் செய்வது அதைத்தான். அளவைக் குறைத்த முதல் சில நாள்கள், குறிப்பாகத் தொந்தரவு தொடங்கிய பிறகு, மலைப் பாதையில் இரு சக்கர வாகனம் வேண்டாம், பேருந்து போதும். காபித் தோட்டத்து ஊரில் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது: ஃப்ளூவாக்ஸமின், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் கடுமையாக முடக்கும். காலையில் குடித்த காபி ராத்திரி வரை ரத்தத்தில் நிற்கும். படபடப்பும் தூக்கமின்மையும் மாத்திரையின் தப்பு என்று நினைத்து நிறுத்துபவர், முதலில் காபியைக் குறைத்துப் பார்க்கலாம்.

நீளும் தொந்தரவு

பெரும்பாலோருக்கு விலகல் அறிகுறிகள் சில வாரங்களில் தேய்ந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீள்கிறது. சில வாரம் நன்றாக இருந்து, மறுபடி ஓர் அலை அடிக்கும். விலங்குகளில் 5-எச்டி1ஏ ஏற்பியின் உணர்திறன் நாள்களிலோ வாரங்களிலோ பழைய நிலைக்கு வருவது தெரிகிறது. அந்தக் கால அளவை வைத்து ஒரு வருஷம் நீடிக்கும் தொந்தரவை விளக்க முடியாது. ஏற்பிகளுக்கு அப்பால், செல்லின் உள்ளே மரபணுக்கள் இயங்கும் விதத்திலேயே மாற்றம் தங்கிவிடுகிறது என்பது ஒரு ஊகம், நிரூபணமாகவில்லை. மாத்திரையை நிறுத்திப் பல மாதம் கழித்து மறுபடி தொடங்கினால், சில நாளிலேயே கிடைக்கும் அந்த நிம்மதி அப்போதும் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆகவே தொடங்குவது என்று மருத்துவர் முடிவு செய்தால், பழைய முழு அளவில் குதிக்காமல் சிறிய அளவிலிருந்து தொடங்குவது உசிதம்.

இதில் பேசவே தயங்கும் ஒன்று பாலியல் குறைபாடு. மாத்திரை எடுக்கும்போது ஆசை குறைவதும் உச்சம் தள்ளிப்போவதும் மிகச் சாதாரணம். 5-எச்டி2 வகை ஏற்பிகள் தூண்டப்பட்டு ஆசையோடு தொடர்புள்ள டோபமின் என்ற ரசாயனம் அடங்குவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலருக்குச் சரியாவதில்லை. பிறப்புறுப்பு மரத்துப்போதல், உச்சத்தில் சுகமின்மை, ஆசையே இல்லாமை ஆகியவை நிறுத்திய பிறகும் நீடிக்கலாம் என்று மருந்துக் குறிப்பில் எழுத ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் பரிந்துரைத்தது. கனடா 2021இல் அதே வழியில் வந்தது. மனச்சோர்வால்தான் இப்படி என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் மனச்சோர்வு தோலை மரத்துப்போக வைப்பதில்லை. நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இதற்கு இன்னும் இல்லை. கல்யாணம் ஆன புதிதில் இந்தத் தொந்தரவோடு மனநல மருத்துவரிடம் வாய் திறக்க வெட்கப்பட்டு, மாதம் ஒரு தடவை லாட்ஜில் அறை போட்டு லேகியம் விற்பவரிடம் பணத்தைக் கொட்டுபவர்கள் உண்டு. லேகியத்தில் என்ன இருக்கிறது என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்காது.

குறைக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியவை: தற்போதைய அட்டை, மற்ற நோய்களுக்கான அட்டைகள், எத்தனை வருஷமாக எந்த அளவு என்ற குறிப்பு, முன்பு நிறுத்திப் பார்த்திருந்தால் எத்தனையாவது நாளில் என்ன வந்தது என்ற விவரம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழே வர முடியாத நாளில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தற்கொலை எண்ணம், வலிப்பு, நினைவு தடுமாற்றம் வந்தால் படிகளும் நோட்டும் அப்புறம். 108க்கு அழைக்க வேண்டும்.